மன்னார் தீவுக்குள்ள இன்னும் 14 காத்தாடி (காற்றாலை): நாங்கள் ஏன் மறிக்கிறம்?

பெருக்கமரம் (ஆகஸ்ட் 2025)

ராத்திரி முழுக்க ரோட்டில நிண்டுட்டு இப்பதான் வந்து படுத்தனான், நித்திரை வரேல்ல, அதான் ஃபோனில இருந்து தட்டுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

காத்தாடியின்ர இறக்கை ஏத்தின ட்ரெயிலர் வருது எண்டு பெடியள் கோல் பண்ணினாங்கள், சாரத்தோடயே இறங்கிட்டன். அந்தச் சாமானைக் கிட்ட நிண்டு பாத்தது இதுதான் முதல் தரம். லொறியின்ர தலை கடை லைற்றுக்குள்ள நிக்குது, இறக்கையின்ர வால் இன்னும் இருட்டுக்குள்ள கிடக்கு. அறுபது மீற்றருக்கு மேலயாம். பக்கத்தில நிண்ட அப்பு ஒராள் "இது மடங்காதோ தம்பி, எங்கட சந்தியால எப்பிடித் திருப்பப் போறாங்கள்" எண்டு கேட்டார். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிஞ்சது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். தீவின்ர தென்கரையில ஏற்கனவே 30 காத்தாடி நிக்குது, தம்பபவனி எண்டு பேர், மின்சார சபையின்ர, 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கி 200 மில்லியன் டொலர் கடன் குடுத்து 2020 டிசம்பரில திறந்தது. அதுக்குப் பிறகு அதானி 250 மெகாவாட் எண்டு வந்து, 52 காத்தாடி எண்டு சொல்லி, வழக்கு போராட்டம் எல்லாம் நடந்து 2025 பெப்ரவரியில விட்டுட்டுப் போச்சு. இப்ப 50 மெகாவாட் ஒண்டு, 20 மெகாவாட் ஒண்டு, ரெண்டு உள்நாட்டுக் கொம்பனி, மொத்தம் 14.

நான் கரண்டுக்கு எதிரி இல்ல. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தப்ப என்ர கடையில ஐஸ்கிரீம் பெட்டி முழுக்க உருகி நிலத்தால ஓடினது, அந்த மணம் ஒரு கிழமைக்குப் போகேல்ல. நான் கேக்கிறது ஒண்டுதான். தலைமன்னாரில இருந்து பாலம் வரைக்கும் முப்பது கிலோமீற்றர் கூட வராத ஒரு மணல் திட்டி இது, உதுக்குள்ளயே எல்லாத்தையும் கொண்டுவந்து நடவேணுமோ? அதை நட முதல் எங்களிட்ட ஒருக்காக் கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?

நேர்பேச்சு

அண்ணை கோவிக்காதேங்கோ, ஆனா உந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நிலக்கரி எண்டால் புகை, அணு எண்டால் பயம், சோலர் எண்டால் காணி போகுது, இப்ப காத்தும் வேண்டாமாம். நுரைச்சோலையில 900 மெகாவாட் நிலக்கரி எரியுது, அங்க இருக்கிற சனத்தின்ர கிணத்தடியில சாம்பல் விழேக்க நீங்கள் ஆராவது பாலத்தடியில நிண்டனீங்களோ? 2030க்குள்ள 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டு நாடு சொல்லியிருக்கு, அதை எங்க வைக்கிறது, சந்திரனிலயோ?

வலைக்காரன்

நேர்பேச்சு தம்பி ஒருக்கா பேசாலைக்கு வாங்கோ, சாப்பாடும் தந்து காட்டுறன். நாங்கள் கச்சான் காத்து (மேல்காத்து) அடிக்கிற காலத்தில தென்கடலுக்குப் போக ஏலாது, அலை அடிக்கும், வடகடல் பக்கம் மாறுவம், வாடை தொடங்க திரும்பி தென்கடலுக்கு வருவம், அப்பாவின்ர காலத்தில இருந்து அப்பிடித்தான். இப்ப தென்கரையில கரையோட வாற மீன் குறைஞ்சுபோச்சு. காத்தாடிச் சத்தத்தால எண்டு எங்கட ஆக்கள் சொல்லுகினம், நான் விஞ்ஞானி இல்ல, இந்தியாவின்ர இழுவைப் படகும் வந்து அள்ளிக்கொண்டு போறான் தானே, எதால எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது. ஆனா கரைவலை இழுக்கிற இடத்துக்கு நேர பின்னால ஒண்டை நட்டுட்டு "உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்ல" எண்டு கொழும்பில இருந்து பேப்பரில எழுதி அனுப்பினால் எனக்கு விசர்தான் வரும்.

மின்கம்பி

நான் மின்சாரத் துறையில வேலை செய்யிறன், ஊர் யாழ்ப்பாணம், ஆரின்ர பக்கமும் இல்லாமச் சில விஷயம் சொல்லுறன்.

ஏன் எல்லாரும் தீவுக்கே வரீனம் எண்டால், காத்து. மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் சோளகம் (தென்மேல் காத்து) கடலால நேர வந்து விழும், மறிக்க ஒரு குன்று கூட இல்ல, பிறகு மார்கழி தையில வாடையும் ஓரளவுக்குக் கிடைக்கும். இப்பிடி இடம் நாட்டில கனக்க இல்ல. ரெண்டாவது, நடுக்குடாவில உப மின்நிலையம் இருக்கு, அங்கயிருந்து அனுராதபுரப் பக்கம் போற பெரிய லைனும் இருக்கு. புது இடம் எண்டால் லைன் இழுக்கிற செலவே தனி. அதால விலையும் குறையும்: இந்த 50 மெகாவாட் ரெண்டர் ஒரு யூனிற் 4.65 அமெரிக்க சதத்துக்குப் போனது, அதானிக்கு 2024ல ஒத்துக்கொண்டது 8.26. எவ்வளவு வித்தியாசம் எண்டு பாருங்கோ.

இன்னொண்டு, அதானி போனது எங்கட போராட்டத்தால எண்டு மன்னாரில வெடி கொளுத்தினதாக் கேள்வி. உண்மையில புது அரசாங்கம் விலையைத் திருப்பிக் கதைக்க வெளிக்கிட்டதோடதான் அவை விலகினவை. பறவைக்காக ஒருத்தரும் போகேல்ல. இதை மறந்தால் அடுத்தவன் குறைஞ்ச விலையோட வரேக்க (இப்ப வந்த மாதிரி) உங்களிட்ட பதில் இருக்காது.

பெருக்கமரம்

வெடி கொளுத்தினதில நானும் ஒராள் 😅 சரி, ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா நீங்கள் சொன்னதில எங்கட சனம் எங்க இருக்கு எண்டு பாருங்கோ. காத்து இருக்கு, லைன் இருக்கு, விலை இருக்கு. அந்தக் கரண்ட் எங்கட தலைக்கு மேலால அனுராதபுரம் போகுது, எனக்கு வாற பில் கொழும்புக்காரனுக்கு வாற அதே ரேட்தான், மழைக்கு முதல் கரண்ட் போறதும் இங்கதான்.

ஆள்காட்டி

வணக்கம், நான் பறவை பாக்கிற ஆள், வருசத்துக்கு ரெண்டு தரம் மன்னார் வாறனான். இலங்கையில வலசை வாற பறவைகளுக்கு மன்னார்தான் வாசல். மத்திய ஆசிய வலசைப் பாதை எண்டு சொல்லுற பாதை சைபீரியாவில இருந்து இந்தியாவால இறங்கி எங்களோட முடியுது, கீழ கடல்தான், அங்கால போக இடமில்ல. கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மன்னாரில கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் பூட்டி விட்டவை, அதுகள் ரஷ்யாவின்ர ஆர்க்டிக் கரை வரைக்கும் போய் முட்டை இட்டுட்டுத் திரும்பி வந்ததுகள். பாஸ்போட்டும் இல்ல விசாவும் இல்ல.

தீவைச் சுத்தி என்னென்ன இருக்கு எண்டும் பாக்கவேணும். பாலத்துக்கு இங்கால வங்காலை சரணாலயம், 4,839 ஹெக்டேயர், 2010ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநிலப் பட்டியலில சேத்தது. அங்கால தலைமன்னாருக்கு மேற்கால மணல்திட்டுகள், ஆதாம்பாலம் தேசியப் பூங்கா, 2015. வடக்கால விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம், 2016. (அதில 168 ஹெக்டேயரை இறால் வளர்க்க எண்டு 2024ல எடுக்கப் பாத்து உச்ச நீதிமன்றம் மறிச்சது தனிக் கதை.) மூண்டு பக்கமும் பாதுகாத்த இடம், நடுவில தீவு. பறவை வரைபடம் பாத்துப் பறக்கிறதில்ல, பாதுகாத்த இடத்தில இருந்து பாதுகாத்த இடத்துக்குப் போக தீவுக்கு மேலாலதான் போகவேணும்.

மின்கம்பி

ஆள்காட்டி, ஒரு கேள்வி, குத்தலா எடுக்காதேங்கோ. காத்து கூட அடிக்கிறது மே முதல் செப்ரெம்பர் வரை. உங்கட வலசைப் பறவை வாறது ஒக்ரோபர், போறது ஏப்ரல். அப்ப ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டுறது குறைவு தானே? தம்பபவனியில பறவைக்கு ராடாரும் இருக்கு. ஒக்ரோபர் நவம்பரிலயும் பங்குனி சித்திரையிலயும் ராத்திரியில நிப்பாட்டி வைச்சால் கொம்பனிக்குப் பெரிய நட்டமும் இல்ல.

ஆள்காட்டி

நல்ல கேள்வி, இதைத்தான் ஒப்பந்தத்தில எழுதச் சொல்லுறம். ஆனா பாதிப் பதில்தான் அது. சோளகக் காலத்தில ஆதாம்பாலத் திட்டுகளில ஆலா எண்ட கடல்பறவையள் முட்டையிடுற நேரம், அதுகள் உள்ளூர்க்காரர். அதோட காத்தாடியை நிப்பாட்டலாம், கம்பியை நிப்பாட்ட ஏலாது. பூநாரை ராத்திரியில கூட்டமா இடம் மாறும், கழுத்தை நீட்டிக்கொண்டு தாழப் பறக்கும், இருட்டில கம்பி தெரியாது. ஒரு தை மாசம் விடியப்புறம் ஈரநிலத்துக்குள்ள போன ஒரு லைனுக்குக் கீழ ரெண்டு கிடந்ததை நானே கண்டனான். ஒண்டுக்குக் கழுத்து முறிஞ்சு சேத்துக்குள்ள, செட்டைக்கு அடியில அந்த ரோஸ் நிறம் மட்டும் கழுவின மாதிரிப் புதுசா இருந்தது. மற்றதை நாய் இழுத்திட்டுது. காத்தாடியைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் அது போற கம்பியைப் பற்றிக் கதைக்கிறதே இல்ல.

முப்பந்தல்காரன்

வணக்கம் மக்களே, நமக்கு ஊர் ஆரல்வாய்மொழி பக்கம், கன்னியாகுமரி மாவட்டம். நீங்க எழுதுத தமிழே கேக்க நல்லாருக்கு.

எங்க ஊர்ல தொண்ணூறுகள்ல இருந்தே காத்தாடி கெடக்கு, முப்பந்தல் வட்டாரத்துல மட்டும் 1,500 மெகாவாட்டுனு சொல்லுவாங்க. இசக்கியம்மன் கோயில்ல நின்னு பாத்தா எண்ண முடியாது. அடியில வாழை, மேல காத்தாடி, ஆடு மேஞ்சுட்டுதான் இருக்கும். சத்தத்துக்கு நாங்க பழகிட்டோம், நின்னுட்டாதான் முழிப்பு வருதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா. அதனால காத்தாடி வந்தா ஊரே அழிஞ்சிரும்னு நா சொல்லமாட்டேன்.

ஆனா ரெண்டு விசயம். அப்போ வந்ததெல்லாம் சின்னது, 225, 250 கிலோவாட்டு மெஷின். நீங்க சொல்லுத சைஸ்ல ஒண்ணு வந்தா அஸ்திவாரமே வேற, ரோடே வேற. எங்களுக்குக் கீழ செம்மண்ணும் பாறையும். உங்களுக்குக் கீழ மணலு, அதுக்குக் கீழ உப்புத்தண்ணி. அடுத்து, எங்க ஆளுக நெறைய பேரு வெவரம் தெரியாம அடிமாட்டு விலைக்கு நிலத்தக் குடுத்துட்டு அதே நிலத்துல வாட்ச்மேனா உக்காந்தாங்க. குத்தகைக்கு விட்டவன் பரவால்ல, வருசா வருசம் ஏதோ வருது. எதா இருந்தாலும் எழுதி வாங்குங்க அண்ணாச்சி, வாய்ப்பேச்சு காத்தோட போயிரும்.

பெருக்கமரம்

முப்பந்தல் அண்ணை, அடிச்சீங்கள் நெத்தியில. மணல் எண்டு சொன்னீங்களே, அதுதான் என்ர கதை.

பறவை பெரிய விஷயம்தான், ஆனா உண்மையைச் சொன்னால் ஊருக்குள்ள சனத்தை ரோட்டுக்கு இறக்கினது பறவை இல்ல, வெள்ளம். எங்கட தீவு நடுவில பள்ளம், மாரியில விழுற மழை அந்தத் தாழ்வு வழியாக் கடலுக்குப் போகும், வாய்க்கால் எண்டு பேர் கூட இல்ல, தண்ணிக்குத் தெரியும் எங்கால போறது எண்டு. நாலஞ்சு வருசத்துக்கு முதல் எங்கட பக்கம் ஒரு ரோட்டு உயர்த்தினாங்கள், ஆர் போட்டது எண்டு பேர் சொல்ல வரேல்ல, பாரச் சாமான் போகவேணும் எண்டு கிரவல் கொட்டி முழங்கால் உயரத்துக்கு மேல. அடுத்த மாரியில என்ர குசினிக்குள்ள தண்ணி. முன்னம் வந்தால் ரெண்டு நாளில வடிஞ்சு போற தண்ணி, அந்த முறை பன்ரெண்டு நாள் நிண்டது. மனுசி அடுப்பை மேசைக்கு மேல தூக்கி வைச்சுச் சமைச்சது, அரிசிப் பானைக்குக் கீழ தவளை. மலசலகூடக் குழி நிரம்பி, கிணறும் அதுவும் ஒண்டாப் போச்சு. கிணத்துத் தண்ணி பிறகு தை முழுக்க மணந்தது, போத்தல் தண்ணி வாங்கித்தான் பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள்.

நேர்பேச்சு

அது ரோட்டுப் பிரச்சினை அண்ணை, காத்தாடிப் பிரச்சினை இல்ல. தீவுக்குள்ள சனம் வீடு கட்டுறதுக்கும் பள்ளத்துக்கெல்லாம் மண் நிரப்பியிருக்கு, அதுவும் தண்ணியை மறிக்கும். எல்லாத்தையும் காத்தாடியில போட்டால் எப்பிடி?

பெருக்கமரம்

ரோட்டில்லாமக் காத்தாடி ஆகாயத்தாலயோ வரப்போகுது? 🙄 ஆனா வீடு கட்ட மண் போட்டது உண்மை, என்ர மச்சானும் போட்டவன்.

மின்கம்பி

பெருக்கமரம் அண்ணை, நீங்கள் சொன்னதை நான் தள்ளேல்ல, உண்மையா இருக்க இடமிருக்கு. மணல் தீவில நல்ல தண்ணி மெல்லிசாத்தான் கிடக்கும், உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற மாதிரி. மேல ஓடுறதை மறிச்சால் ஒரு பக்கம் வெள்ளம், மற்றப் பக்கம் கிணறு வத்தும். ஆனா "வெள்ளம் வந்தது" எண்டு மட்டும் சொன்னால் அதிகாரி தலையாட்டிட்டுப் போயிடுவார். அந்த ரோட்டுக்குக் கீழால எத்தனை மதகு இருக்கு, எத்தனை அடி அகலம், எது திறந்திருக்கு எது அடைச்சிருக்கு எண்டு எண்ணியிருக்கிறீங்களோ? ஒரு கொப்பியில எழுதி, படம் எடுத்து, பிரதேச செயலகத்தில குடுத்து, பிரதியில சீல் வாங்கி வையுங்கோ. கோஷத்துக்குப் பயப்பிடாத ஆக்கள் உதுக்குப் பயப்பிடுவினம்.

பனிக்குள்ளபனை

கனடாவில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் மதகும் கம்பியும் கதைக்கிறீங்கள், முக்கியமானதை விட்டிட்டீங்கள். இது காணி பிடிக்கிற வேலை. காத்தாடி முன்னால வரும், பின்னால கனிய மணல் அள்ள வருவாங்கள். இல்மனைற் எண்ட கனிமத்துக்கு எண்டு தீவெல்லாம் துளை போட்டுப் பாத்தது தெரியாதோ? சனத்தை வாழ ஏலாமப் பண்ணினால் காணி தானா விலைக்கு வரும். தமிழன்ர நிலம் எண்டபடியால்தான் இவ்வளவும். சிங்கள ஊரில உப்பிடிச் செய்வாங்களோ?

நேர்பேச்சு

கற்பிட்டியிலயும் காத்தாடி நிக்குது, நுரைச்சோலை எங்க இருக்கு எண்டு கூகிளில தட்டிப் பாருங்கோ. ஸ்னோ தள்ளிட்டு வந்து எழுதுங்கோ.

மட்டறுத்துநர்

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். மூண்டு பதிவு தூக்கியிருக்கு. அடுத்த முறை பூட்டுவன்.

வலைக்காரன்

பனை அண்ணை சொன்னதில கனிய மணல் கதை பொய் இல்ல, துளை போட்டது உண்மை, எங்கட காணிக்குப் பக்கத்திலயும் போட்டவை, அதால சனம் ரெண்டையும் சேத்துத்தான் பாக்குது, போராட்டத்திலயும் ரெண்டு பதாகையும் இருக்கு. ஆனா அண்ணை, அங்கயிருந்து "விடாதேங்கோ" எண்டு எழுதுறது சுகம். ராத்திரி பாலத்தடியில நிண்டிட்டு விடிய மூண்டு மணிக்குக் கடலுக்குப் போறது நாங்கள். பதினெட்டு வயசுப் பெடியளைப் பொலிசுக்கு முன்னால நிப்பாட்டேக்க அவங்கட தாய்மாரின்ர முகத்தைப் பாக்கிறதும் நாங்கள்.

ஜனாதிபதி ஒரு மாசத்துக்கு நிப்பாட்டச் சொல்லியிருக்கிறார், அதில ஒரு மூச்சு. பாப்பம்.

ஆள்காட்டி

ஒரு மாசத்துக்குள்ள பறவை ஆய்வு ஒண்டும் செய்ய ஏலாது எண்டதையும் சொல்லி வைக்கிறன். ஆகஸ்டில எண்ணினால் மன்னாரில வலசைப் பறவையே இல்ல எண்டு அறிக்கை வரும். ஒரு முழு வருசம் வேணும்.

மின்கம்பி

அப்ப எங்க வைக்கலாம் எண்டு சொல்லுங்கோ, இது உண்மையான கேள்வி. சிலாவத்துறைப் பக்கம் எண்டால் கீழ வில்பத்து தேசியப் பூங்கா. பூநகரி எண்டால் அங்கயும் ஏரி, பறவை, அங்கயும் சனம். எங்க போனாலும் ஒருத்தரின்ர முற்றம்.

பெருக்கமரம்

நான் யோசிச்சுப் பாத்தனான் தம்பி. தீவுக்குள்ள 30 நிக்குது, அதைப் பிடுங்கச் சொல்லி நாங்கள் கேக்கேல்ல. மன்னார் மாவட்டம் தீவு மட்டும் இல்ல, பெருநிலத்தில எவ்வளவு வெளி கிடக்கு, அங்க மண் இறுக்கம், தண்ணி ஓட வழி இருக்கு. காத்து கொஞ்சம் குறையும், லைன் இழுக்கக் காசு கூடும், சரி. அந்தக் கூடுற காசை நாடு முழுக்கப் பங்குபோட்டால் ஒரு யூனிற்றுக்கு எவ்வளவு? அந்த மலிவின்ர மிச்சத்தை இப்ப என்ர குசினி கட்டுது.

பெருக்கமரம் (ஒக்ரோபர் 2025)

இழையை மேல தூக்குறன். கனபேர் தனிமடலில கேட்டவை, எல்லாருக்கும் சேத்து.

ஒரு மாசம் முடிஞ்சு பிறகு வேலை தொடங்கலாம் எண்டிட்டாங்கள். செப்ரெம்பர் 26 ராத்திரி சாமான் கொண்டுவரேக்க பொலிசுக்கும் சனத்துக்கும் இழுபறி, காயப்பட்டவை இருக்கினம், பேப்பரில பாத்திருப்பீங்கள். நான் அண்டைக்கு அங்க இல்ல, மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில நிண்டனான், அதால கண்டது மாதிரி எழுத வரேல்ல. பிறகு ஹர்த்தால், என்ர கடையும் பூட்டு. இந்த ரெண்டு திட்டமும் நடக்கும், இனிப் புதுசா தீவுக்குள்ள வாறதெண்டால் சனத்தின்ர சம்மதத்தோடதான் எண்டு அரசாங்கம் சொல்லியிருக்கு. வெண்டதோ தோத்ததோ எண்டு ஊருக்குள்ள இன்னும் சண்டை. இந்த முறை நான் வெடி வாங்கேல்ல.

மின்கம்பி தம்பி, நீங்கள் சொன்ன வேலையைச் செய்தனான். நானும் வலைக்காரனும் சைக்கிளில போய் அந்த ரோட்டு முழுக்க எண்ணினம். அவர் வலைக்கயிறு கொண்டுவந்தார், முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டு. ஏழு மதகு. மூண்டு வடிவா இருக்கு. ரெண்டுக்குள்ள கிரவல் அரைவாசிக்கு அடைச்சிருக்கு. ஒண்டுக்கு முன்னால ஆரோ மதில் கட்டியிருக்கு (மச்சான் இல்ல, விசாரிச்சிட்டன்). கடைசி மதகுதான் பகிடி: தண்ணி வாற பக்கத்தை விட போற பக்கம் ஒரு சாண் உயரத்தில வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள். வலைக்காரன் குனிஞ்சு பாத்திட்டு "இது கடலை ஊருக்குள்ள விடுறதுக்குக் கட்டினதோ" எண்டு கேட்டார்.

எல்லாம் கொப்பியில எழுதி, படம் 23, செயலகத்தில குடுத்து சீல் வாங்கியாச்சு. பாத்திட்டுச் சொல்லுறம் எண்டவை.

முப்பந்தல்காரன்

ஏழுல மூணா? எங்க பக்கம் அதுவே கெடையாது. அந்தத் தலைகீழ் மதகு படத்த இங்க போடுங்க அண்ணாச்சி, பாப்போம்.

பெருக்கமரம்

போடுறன் அண்ணை, இப்ப ஏலாது. கிழக்கால கறுத்துக்கொண்டு வருது, காத்து கொண்டலுக்கு (கீழ்க்காத்துக்கு) மாறிட்டுது, வலைக்காரன் மண்வெட்டியோட வாசலில நிக்கிறார். அந்த அரைவாசி அடைச்ச ரெண்டையும் மழைக்கு முதல் தோண்டிப்போட்டு வாறம்.